பிரிட்டிஷ் குடிகள் எப்போது அமெரிக்கர் ஆனார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1607-இல் ஆங்கிலேயர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கரையிறங்கினார்கள். 1776-இல் அதே கரையோரத்தின் 13 காலனிகள் பிரிட்டனோடு உறவை முறித்துக்கொண்டன. இடைப்பட்ட 169 ஆண்டுகளில் "நாங்கள் ஆங்கிலேயர்" என்ற பேச்சு "நாங்கள் வேறு மக்கள்" என்று மாறியது. அது எப்படி என்று மாணவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரே வரியில் சொன்னால், இந்த மாற்றம் எப்போது நடந்தது?

1763-க்கும் 1776-க்கும் இடைப்பட்ட 13 ஆண்டுகளில். அதற்கான விறகு ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் 1763 வரை அந்த விறகை யாரும் விறகாகப் பார்க்கவில்லை. தாங்கள் தனி மக்கள் என்ற உணர்வு முதலில் முளைத்து, அதனால் சண்டை மூண்டது என்று பலர் எழுதுகிறார்கள். நடந்தது பெரும்பாலும் தலைகீழ். முழு ஆங்கிலேயராக நடத்தும்படி கேட்டுச் சண்டை போட்டார்கள். அது கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் தனி மக்கள் ஆனார்கள்.

ஆரம்பத்தில் தங்களை யார் என்று சொல்லிக்கொண்டார்கள்?

ஆங்கிலேயர் என்றுதான். பாஸ்டன், பிளிமத், நியூ ஹாம்ப்ஷயர், நியூ யார்க் என்று வைத்த பெயர்களைப் பாருங்கள். பாதி ஊர்கள் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. அமெரிக்காவில் பிறந்து, கடலையே தாண்டாதவர்கள்கூட இங்கிலாந்தை "வீடு" என்றே குறிப்பிட்டார்கள். அதற்கு அடுத்த நிலையில் சொந்தக் காலனி இருந்தது. தாமஸ் ஜெஃபர்சன் "என் நாடு" என்று எழுதினால் அது வர்ஜீனியா. ஜான் ஆடம்ஸ் எழுதினால் மாசசூசெட்ஸ். இரண்டுக்கும் நடுவில் "அமெரிக்கா" என்ற படி காலியாகவே கிடந்தது.

அப்படியானால் அந்த விறகு எது?

முதலாவது நிலம். ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவருக்கே வாக்கு என்பது இங்கிலாந்தின் பழைய விதி. அதே விதியை, அல்லது அதன் சாயலில் ஒன்றை, காலனிகளும் எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் நிலம் சிலர் கையில் குவிந்திருந்ததால் வாக்காளர் சிறு கூட்டம். அமெரிக்காவில் நிலம் மலிவு. அதனால் பெரும்பகுதி வெள்ளை ஆண்கள் வாக்காளர் ஆனார்கள். சட்டம் ஒன்றுதான். மண் மாறியதும் அது வேறு சமூகத்தை உண்டாக்கிவிட்டது. இதை யாரும் திட்டமிடவில்லை.

இரண்டாவது சட்டசபை. வர்ஜீனியாவில் 1619-லேயே பிரதிநிதிகள் சபை கூடியது. பிறகு ஒவ்வொரு காலனியிலும் ஒன்று வந்தது. ஆளுநரை லண்டன் அனுப்பினாலும் அவருக்குச் சம்பளம் ஒதுக்கியது பெரும்பாலும் உள்ளூர் சபைதான். ஆளுநர் முரண்டுபிடித்தால் சபை சம்பளத்தைத் தள்ளிப்போடும். 1728-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் பர்னெட் நிரந்தரச் சம்பளம் கேட்டு மல்லுக்கட்டினார். கடைசிவரை வாங்க முடியவில்லை. மூன்று தலைமுறை இப்படிப் பழகியவர்களுக்கு, வரி போடும் அதிகாரம் தங்கள் சபைக்கே உரியது என்பது தத்துவமாகத் தோன்றவில்லை, ஊர் வழக்கமாகவே தோன்றியது.

மூன்றாவது தூரம். பாய்மரக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்க ஆறு முதல் எட்டு வாரம், காற்று மோசமானால் அதற்கும் மேல். லண்டனிலிருந்து ஒரு கேள்வி புறப்பட்டு, அதற்குப் பதில் திரும்பிப்போய்ச் சேர நாலைந்து மாதம் ஆகிவிடும். கப்பல், வணிகம் பற்றிய சட்டங்கள் 1651 முதலே இருந்தன. ஆனால் அவற்றைக் கண்டும் காணாமல் விடுவதே லண்டனின் நடைமுறையாக இருந்தது. 1733-இல் வெளிநாட்டுச் சர்க்கரைப்பாகுக்கு ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டார்கள். வணிகர்கள் சுங்க அதிகாரிக்குக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொண்டார்கள்.

நான்காவது ஆட்கள். 1700-இல் சுமார் 2.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1775-இல் சுமார் 25 லட்சம். பென்சில்வேனியாவில் மூன்றில் ஒருவர் ஜெர்மானியர். எல்லைப்புறங்களில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்டியர். நியூ யார்க்கில் 1664-க்கு முன்பிருந்தே டச்சுக்காரர். இவர்களுக்கு இங்கிலாந்து "தாய்நாடு" என்பது பேச்சுக்குத்தான்.

13 காலனிகளுக்குள் ஒற்றுமை இருந்ததா?

துளியும் இல்லை. எல்லைத் தகராறு, மதப் பிணக்கு, நாணய மதிப்பு என்று ஆளுக்கொரு வழக்கு. 1754-இல் பிரெஞ்சுக்காரருடன் போர் நெருங்கியபோது ஆல்பனியில் ஏழு காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு பொது அரசுத் திட்டம் வரைந்தார். கூட்டம் அதை ஏற்றது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு காலனியின் சபைகூட ஒப்புக்கொள்ளவில்லை. லண்டனும் சீந்தவில்லை.

அதே ஆண்டு மே 9 அன்று அவருடைய பென்சில்வேனியா கெஜட்டில் வந்த பாம்புப் படம் பிரபலமானது. எட்டுத் துண்டாக வெட்டப்பட்ட பாம்பு, கீழே "சேருங்கள், இல்லையேல் சாவுங்கள்". பலர் இதைச் சுதந்திரப் போராட்டச் சின்னம் என்று எழுதுகிறார்கள். தவறு. வரைந்தபோது எதிரி பிரான்ஸ். பிரிட்டிஷ் பேரரசைக் காப்பதற்காகச் சேரச் சொன்ன படம் அது. 1765-இல் லண்டன் போட்ட முத்திரைச் சட்டத்துக்குப் பிறகுதான் அதைத் தூசுதட்டி எடுத்து லண்டனுக்கு எதிராகத் திருப்பினார்கள்.

1760-லும் பிராங்க்ளின் எழுதியது இதுதான்: தங்களைக் கொன்று கொள்ளையடிக்கும் பொது எதிரிக்கு எதிராகவே சேர முடியாத இவர்கள், தாங்கள் நேசிக்கும் தாய்நாட்டுக்கு எதிராகவா சேரப்போகிறார்கள்? மிகக் கொடிய அடக்குமுறை வந்தால் தவிர நடக்காது என்று மட்டும் ஒரு வாசல் வைத்துக்கொண்டார்.

18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பழக்கங்கள் குறைந்துகொண்டே வந்தனவா?

இல்லை, கூடிக்கொண்டே வந்தன. இந்தக் கதையின் விசித்திரமான பகுதியே இதுதான். பிரிட்டிஷ் துணி, பீங்கான், தேநீர்க் கோப்பை, பொத்தான், புத்தகம் எல்லாம் கப்பல் கப்பலாக வந்தன. வசதியுள்ளவர் லண்டன் பாணியில் வீடு கட்டினார், வழக்கறிஞர் லண்டன் பாணியில் பொய்முடி அணிந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் தன் புகையிலையை லண்டன் முகவருக்கு அனுப்பி, பதிலுக்குச் சாமான் வரவழைப்பார். முன்னோர் காலத்தில் மட்டுமே பயன்பட்டிருக்கக்கூடிய பொருள்களைத் தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று 1760-இல் அவரே கடிதத்தில் குறைபட்டார். இங்கிலாந்து எதையாவது வீசினால் வாங்கிக்கொள்ளும் பட்டிக்காட்டானாகத் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற எரிச்சல் அதில் இருக்கிறது. நெருங்க நெருங்கத்தான் அந்த இளக்காரம் கண்ணில் பட்டது.

இதன் இன்னொரு விளைவு பிறகுதான் தெரிந்தது. பாஸ்டன் தையல்காரரும் சார்ல்ஸ்டன் தோட்டக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவர் வீட்டிலும் அதே பிரிட்டிஷ் பீங்கான், அதே தேயிலை. பொதுவாக வாங்கினார்கள் என்பதால்தான் பொதுவாகப் புறக்கணிக்க முடிந்தது.

பிரான்ஸுக்கு எதிரான ஏழாண்டுப் போரில் தோளோடு தோள் நின்றார்களே, அது பிணைப்பை இறுக்கவில்லையா?

வெற்றி இறுக்கியது, முகாம் வாழ்க்கை கசந்தது. 1763-இல் கனடா பிரிட்டன் வசமானபோது காலனிகளில் கொண்டாட்டம். அதே போரில்தான் காலனிப் படையினர் அரசரின் நிரந்தரப் படையை முதன்முதலாகப் பெரிய அளவில் நேருக்கு நேர் பார்த்தார்கள். நியூ இங்கிலாந்து விவசாயி ஒரு போர்ப் பருவத்துக்கு இவ்வளவு கூலி, இவ்வளவு உணவு என்று பேசிக் கையெழுத்திட்டு வருவான். கெடு முடிந்தால் மூட்டையைக் கட்டுவான். அவன் கணக்கில் அது ஒப்பந்தம். பிரிட்டிஷ் அதிகாரி கணக்கில் ஓடிப்போவது. சின்னத் தவறுக்கும் நூற்றுக்கணக்கில் கசையடி விழும் பிரிட்டிஷ் ஒழுங்கைப் பார்த்து அவன் மிரண்டான்.

பதவியிலும் அவமானம். அரசரின் நேரடி நியமனம் பெற்ற அதிகாரி, காலனி நியமித்தவருக்கு மேல். வாஷிங்டன் அப்போது வர்ஜீனியா படையின் கர்னல். கம்பர்லாந்து கோட்டையில் முப்பது பேர் அளவில் ஆள் வைத்திருந்த ஜான் டாக்வொர்தி என்ற கேப்டன், தன்னிடம் பழைய அரச நியமனம் இருப்பதாகச் சொல்லி அவருக்குக் கட்டுப்பட மறுத்தார். வாஷிங்டன் 1756 குளிர்காலத்தில் பாஸ்டன் வரை குதிரையில் போய்த் தளபதி வில்லியம் ஷெர்லியிடம் முறையிட்டு அந்த ஒரு தகராறில் ஜெயித்தார். ஆனால் அவர் உண்மையில் விரும்பிய அரச நியமனம் கடைசிவரை கிடைக்கவில்லை.

1763-இல் என்னதான் மாறியது?

போர் முடிந்ததும் பிரிட்டனின் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்தத் திட்டம். அந்தச் செலவில் ஒரு பகுதியைக் காலனிகளே ஏற்கட்டும் என்றது லண்டன். கேட்டால் நியாயம்தான். உள்நாட்டு பிரிட்டிஷ்காரர் காலனிவாசிகளைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார். 1763 அக்டோபர் 7 அன்று, அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று அரச அறிவிப்பு வேறு வந்தது. பூர்வகுடிகளோடு இன்னொரு போர் வேண்டாம் என்பது நோக்கம். ஜெயித்த நிலத்துக்குள் போகக் கூடாதா என்று நில வியாபாரிகளும் எல்லைப்புறத்தாரும் கொதித்தார்கள். 1764-இல் சர்க்கரைப்பாகு வரியை 3 பென்ஸாகக் குறைத்தார்கள், ஆனால் இந்த முறை உண்மையாகவே வசூலித்தார்கள். கறாராக வசூலான பாதி வரி, ஏட்டிலேயே கிடந்த முழு வரியைவிட அதிகமாக வலித்தது.

முத்திரைச் சட்டம் அரைப் பென்னி சமாசாரம்தானே? ஏன் இவ்வளவு ரகளை?

தொகை சிறியது, தொட்ட இடங்கள் பெரியவை. 1765 மார்ச் 22-இல் நிறைவேறி நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம் இது. வரி கட்டியதற்கான முத்திரை பதித்த தாளில்தான் செய்தித்தாள், பத்திரம், உரிமம், நீதிமன்ற ஆவணம் எல்லாம் அச்சாக வேண்டும். அரைத்தாள் அளவுள்ள செய்தித்தாளுக்கு அரைப் பென்னி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்காய் ஜோடிக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்ட். அதுவும் பிரிட்டிஷ் நாணயமான ஸ்டெர்லிங் கணக்கில். கையில் காசுப் புழக்கமே இல்லாத ஊரில் இது பெரும் பாடு.

லண்டன் செய்த தவறு இரண்டு. ஒன்று, அச்சகத்தாரையும் வழக்கறிஞரையும் ஒரே சமயத்தில் சீண்டியது. ஊரில் எழுதத் தெரிந்தவனும் வாதாடத் தெரிந்தவனும் அவர்கள்தான். அக்டோபர் 31 அன்று பென்சில்வேனியா ஜர்னல் தன் முதல் பக்கத்தைக் கல்லறைக் கல் போல அமைத்து, மண்டையோட்டுடன் வெளியிட்டது. இரண்டாவது தவறு இன்னும் பெரியது. அதுவரை வந்த குறைகள் எல்லாம் உள்ளூர்க் குறைகள். இந்த வரி மட்டும் எல்லாக் காலனிக்கும், ஒரே நாளில், ஒரே விகிதத்தில் விழுந்தது. பாம்புப் படத்தால் முடியாததை லண்டன் கருவூலம் செய்துகொடுத்தது.

எதிர்ப்பு நடந்த விதம் எளிது. முத்திரைத் தாளை விற்க ஒவ்வொரு காலனிக்கும் ஓர் உள்ளூர்க்காரர் நியமிக்கப்பட்டிருந்தார். அவரை ராஜினாமா செய்யவைத்தால் தாளை விற்க ஆளில்லை. ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியை உதறினார். மற்ற ஊர்களும் அதையே பின்பற்றின. நவம்பர் 1 வந்தபோது தாளை விற்க ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை. சில வாரம் துறைமுகமும் நீதிமன்றமும் முடங்கின. பிறகு முத்திரை இல்லாமலே கப்பல்கள் புறப்பட்டன. அக்டோபரில் நியூ யார்க்கில் ஒன்பது காலனிகளின் 27 பிரதிநிதிகள் கூடினார்கள். தென் கரோலினாவின் கிறிஸ்டபர் கேட்ஸ்டன் அந்த ஆண்டு எழுதினார்: இந்தக் கண்டத்தில் நியூ இங்கிலாந்துக்காரன், நியூ யார்க்காரன் என்று யாரும் இருக்கக் கூடாது, எல்லோரும் அமெரிக்கர்.

1766 மார்ச் 18-இல் சட்டம் ரத்தானது. செய்தி பாஸ்டனுக்கு வந்து சேர மே மாதம் பாதி ஆகிவிட்டது. வாணவேடிக்கை விட்டு, அரசரை வாழ்த்திக் குடித்தார்கள். அதே நாளில் நிறைவேறிய இன்னொரு சட்டம், எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. கொண்டாட்டத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு.

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்றதற்கு லண்டன் என்ன பதில் சொன்னது?

மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட உறுப்பினர் இல்லை, அவர்கள் வரி கட்டவில்லையா என்றது. ஒவ்வொரு உறுப்பினரும் பேரரசின் எல்லாக் குடிகளுக்கும் சேர்த்தே பேசுகிறார் என்பது அவர்கள் வாதம். ஆள் வசிக்காத ஓல்ட் சாரம் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர் இருந்த காலம் அது. இங்கிலாந்தில் இருப்பவருக்கு இந்த வாதம் இயல்பு. ஆண்டுதோறும் தன் ஊரிலிருந்தே ஆளைத் தேர்ந்தெடுத்து, அவர் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தனுப்பிய மாசசூசெட்ஸ்காரருக்கு அது கேலிப் பேச்சு. இருவரும் "பிரதிநிதி" என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். இரு கரையிலும் அதன் பொருள் எப்போதோ பிரிந்துவிட்டிருந்தது.

புறக்கணிப்பு நடைமுறையில் எப்படி நடந்தது?

இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பொது உணர்வு என்பது காற்றில் வரவில்லை, குழுக்களின் பதிவேட்டில் வந்தது. 1767-இல் கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை மீது டவுன்ஷெண்ட் வரிகள் வந்தன. வணிகர்கள் இறக்குமதியை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். அது அரைகுறை. ஒரு துறைமுகம் கடையை மூடினால் பக்கத்துத் துறைமுகம் லாபம் பார்க்கும். ஒருவரை ஒருவர் சந்தேகித்தே 1770-இல் அது உடைந்தது.

1774-இல் பாடம் கற்றிருந்தார்கள். காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் கண்டப் பேரவை அக்டோபர் 20 அன்று வகுத்த ஒப்பந்தத்தின் விதிகள் இப்படிப் போகின்றன. டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதி இல்லை. அடிமைகளை வாங்கிவருவதும் அதே நாளோடு நிறுத்தம். அப்போதும் லண்டன் இறங்கிவராவிட்டால் 1775 செப்டம்பர் 10 முதல் ஏற்றுமதியும் இல்லை. டிசம்பர் 1-க்குப் பிறகு, பிப்ரவரி 1-க்குள் வந்து இறங்கும் சரக்குக்கு உரியவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: திருப்பி அனுப்பலாம், குழுவிடம் கிடங்கில் ஒப்படைக்கலாம், அல்லது குழுவின் மேற்பார்வையில் விற்கலாம். விற்றால் அசலும் செலவும் அவருக்கு, லாபம், தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாகத் துறைமுகம் மூடப்பட்டுத் தவிக்கும் பாஸ்டன் ஏழைகளுக்கு. பிப்ரவரி 1-க்குப் பிறகு வந்தால் பொதியைப் பிரிக்காமலே திருப்ப வேண்டும்.

மற்ற விதிகளில் வாழ்க்கையே தெரிகிறது. கம்பளி வேண்டும், அதனால் ஆட்டைக் கூடியமட்டும் வெட்டாதே. குதிரைப் பந்தயம், சேவல் சண்டை, நாடகம் வேண்டாம். சாவு வீட்டில் முழுக் கறுப்பு உடை வேண்டாம், ஆணுக்குக் கையிலோ தொப்பியிலோ கறுப்புப் பட்டை, பெண்ணுக்குக் கறுப்பு நாடாவும் கழுத்தணியும் போதும். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கையுறையும் கழுத்துத்துணியும் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்து. கையுறை என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அது இறக்குமதிச் சாமான், சாவு தவறாமல் வரும் செலவு.

இதைக் கண்காணிக்க ஒவ்வொரு ஊரிலும் வட்டாரத்திலும் வாக்காளர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீறியவர் பெயர் செய்தித்தாளில் வரும், "அமெரிக்க சுதந்திரத்தின் எதிரி" என்று. பிறகு அவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. கட்டாயமும் மிரட்டலும் நிறைய இருந்தன, தார் பூசி இறகு ஒட்டியதும் உண்டு. சட்டப்படி அரசே இல்லாத நேரத்தில் இக்குழுக்கள்தான் அரசு. ஆயிரக்கணக்கானவர் முதன்முதலாக "அமெரிக்க" என்று பெயர்கொண்ட ஒன்றில் பதவி வகித்தது இங்கேதான்.

இதற்கெல்லாம் முன்பே, 1766-இல் நாடாளுமன்றம் பிராங்க்ளினை விசாரித்தபோது கேட்டார்கள்: முன்பு அமெரிக்கரின் பெருமை எதில் இருந்தது? பிரிட்டனின் நாகரிகத்தையும் உற்பத்தியையும் அனுபவிப்பதில். இப்போது? புதியதைத் தாங்களே நெய்யும்வரை பழைய துணியையே மறுபடியும் உடுத்துவதில். சுதேசி இயக்கத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இருக்காது.

பாஸ்டனில் கடலில் கொட்டியது இந்தியத் தேயிலையா?

இல்லை. கொட்டிய அனைத்தும் சீனத் தேயிலை, பெரும்பகுதி போஹி என்ற மலிவு ரகம். அசாமிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். இந்தியாவோடு தொடர்பு கம்பெனி வழியாகத்தான். நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி, கிடங்கு நிறையத் தேயிலையோடு நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் அது நேராக அமெரிக்காவில் விற்க வழிசெய்தது. விலை குறைந்தது, ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்றது. டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 340-க்கும் மேற்பட்ட பெட்டிகள், சுமார் 42 டன், கடலுக்குப் போயின. கம்பெனி சொன்ன நஷ்டம் 9,659 பவுண்ட்.

அந்த நேரத்தில் பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் எழுதிய துண்டறிக்கை, வங்காளப் பஞ்சத்தைச் சுட்டிக்காட்டி, அங்கே இப்படிச் செய்த கம்பெனி இங்கே என்ன செய்யாது என்று கேட்டது. வங்காளத்தில் நடந்தது பாஸ்டனுக்கு எச்சரிக்கை ஆனது. இன்னொரு பழைய தொடர்பு சென்னையிலிருந்து போகிறது. பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பணம் குவித்த எலிஹு யேல், கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்குத் துணிப்பொதிகளும் 417 புத்தகங்களும் அரசர் படமும் அனுப்பினார். பொதிகள் 562 பவுண்டுக்கு விற்றன. 1718-இல் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. காலனிவாசிக்குப் பேரரசு எவ்வளவு வாசல்களைத் திறந்துவைத்திருந்தது என்பதற்கும் இதுவே சாட்சி.

"அமெரிக்கர்" என்ற பெயரை யார் வைத்தது?

முதலில் அது பூர்வகுடிகளைக் குறித்தது. குடியேறியவர்களை அப்படிப் பொதுவாக அழைக்கும் பழக்கம் பிரிட்டிஷார் பக்கம்தான் முதலில் ஊன்றியது, பெரும்பாலும் இளக்காரத்தோடு. லண்டனிலிருந்து பார்த்தால் வர்ஜீனியாக்காரனும் நியூ யார்க்காரனும் ஒன்றுதான். "யாங்கீ" என்பதும் கேலிப்பெயர், பிறகு பெருமையாக மாட்டிக்கொண்டது. 1735 முதல் 1775 வரையிலான காலனிச் செய்தித்தாள்களில் பெயர்களை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1763-க்குப் பிறகு "பிரிட்டிஷ்" அடையாளம் தேய்ந்து "அமெரிக்க" அடையாளம் ஏறுவதை அதில் பார்க்கலாம். 1774-இல் பேரவையில் பேட்ரிக் ஹென்றி "நான் வர்ஜீனியன் அல்ல, அமெரிக்கன்" என்றார். எந்தக் காலனிக்கு எத்தனை வாக்கு என்ற தகராறில் சொன்னது அது. பெரிய காலனியான வர்ஜீனியாவுக்கு லாபமான வாதம்!

மதத்துக்கும் அஞ்சலுக்கும் பங்கு உண்டா?

உண்டு. 1739-40-இல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலப் போதகர் தெற்கிலிருந்து வடக்குவரை ஊர் ஊராகத் திறந்தவெளியில் பேசினார். எல்லாக் காலனிகளும் ஒரே ஆளைப் பற்றி ஒரே சமயத்தில் பேசியது அநேகமாக அதுதான் முதல் முறை. அஞ்சலைப் பிராங்க்ளின் 1753 முதல் சீர்படுத்தினார். 1775 ஏப்ரல் 19-இல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் போரைத் தொடக்கிவைத்த துப்பாக்கிச்சூட்டின் செய்தி 23-இல் நியூ யார்க்கையும் 24-இல் பிலடெல்பியாவையும் எட்டியது. லண்டனுக்கு ஆறு வாரம். அடுத்த காலனி லண்டனைவிடக் கிட்டத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜமைக்காவும் நோவா ஸ்கோஷியாவும் ஏன் சேரவில்லை?

பிரிட்டனுக்கு அமெரிக்கப் பகுதியில் 13-ஐவிட அதிகமான காலனிகள் இருந்தன. இதை மறந்துவிடுகிறோம். ஜமைக்காவில் வெள்ளையர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1760-இல் அடிமைகள் எழுந்தபோது அரசப்படைதான் காப்பாற்றியது. சர்க்கரைக்குப் பிரிட்டிஷ் சந்தையே கதி, பிள்ளைகள் படித்ததும் இங்கிலாந்தில். ஹாலிஃபாக்ஸ் கடற்படைத் தளம் ஆதலால் நோவா ஸ்கோஷியாவால் அசைய முடியவில்லை. கியூபெக்கின் பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்கு 1774 சட்டம் மத உரிமை கொடுத்தது. கடைசிவரை தயங்கியது ஜார்ஜியா. முதல் பேரவைக்கு அது வரவே இல்லை, அங்கே கூடியவை 12.

எல்லோருமே அமெரிக்கர் ஆகிவிட்டார்களா?

வெள்ளையரில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அரச விசுவாசிகள். பிராங்க்ளினின் சொந்த மகன் வில்லியம், நியூ ஜெர்சி ஆளுநர், அரசர் பக்கம் நின்று சிறை போனார். தந்தையும் மகனும் உண்மையில் மீண்டும் ஒட்டவே இல்லை. சுமார் 60,000 பேர் வெளியேறினார்கள். அவர்களுக்காகவே 1784-இல் நியூ பிரன்ஸ்விக் பிரிக்கப்பட்டது.

மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், பெரும்பாலும் அடிமைகள். அவர்களை இந்த "ஒரே மக்கள்" கணக்கில் சேர்க்கவில்லை. 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் அரசர் பக்கம் வந்தால் விடுதலை என்றதும், ஊசலாடிய தோட்ட முதலாளிகள் பலர் ஒரேயடியாகக் கிளர்ச்சிப் பக்கம் சாய்ந்தார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கொட்டும்போது மோஹாக் என்ற பூர்வகுடியினர்போல வேடம் போட்டு "நாங்கள் இந்த மண்ணுக்காரர்" என்று காட்டியவர்களின் 1776 சுதந்திரப் பிரகடனம், பூர்வகுடிகளை "இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்" என்றது. 1790-இல் குடியுரிமைச் சட்டம் "சுதந்திரமான வெள்ளையர்" என்று வெளிப்படையாகவே எழுதியது.

அரசரை எப்போது கைவிட்டார்கள்?

எல்லாவற்றிலும் கடைசியாக. போர் தொடங்கிய பிறகும், 1775 ஜூலையில், விசுவாசமுள்ள குடிகளாக மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்ட் 23-இல் அவர்களைக் கிளர்ச்சியாளர் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட சிறு நூல், அரசப் பதவியையே கேலி செய்து, ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆள்வதா என்று கேட்டது. அவர் இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. உள்ளூர்க்காரர் வாயில் வராத சொல் புதிதாக வந்தவர் வாயில் வந்தது.

நியூ யார்க்கில் முத்திரைச் சட்டம் ரத்தான நன்றிக்காக அரசருக்கு 1770-இல் ஈயச் சிலை வைத்து முலாம் பூசியிருந்தார்கள். 1776 ஜூலை 9 அன்று பிரகடனம் வாசித்த கையோடு அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். ஈயம் கனெக்டிகட்டில் உருக்கப்பட்டு 42,088 குண்டுகள் ஆனது.

வேறு நாடுகளிலும் இப்படி நடந்ததா?

ஸ்பானிய அமெரிக்காவில் அங்கேயே பிறந்த வெள்ளையருக்கும் ஸ்பெயினிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் இதே பதவிக் கசப்பு. தென்னாப்பிரிக்காவில் 1707-லேயே ஸ்டெல்லன்போஷ் இளைஞன் ஒருவன் அதிகாரியிடம் "நான் ஆப்பிரிக்கானர்" என்று கத்தியது பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முறிவே இல்லாமல் 1901-இல் கூட்டரசு வந்தது, "பிரிட்டிஷ்" என்ற பெருமை அதற்குப் பின்னும் பல பத்தாண்டு நீடித்தது.

தேர்வில் இதை எழுதும்போது அதிகம் வரும் பிழை எது?

வரிச்சுமை தாங்காமல் எழுந்தார்கள் என்பது முதல் பிழை. 1776-க்கு முன் எந்த வாக்கியத்திலும் "அமெரிக்க தேசியம்" என்று எழுதுவது இரண்டாவது. ஜான் ஆடம்ஸின் 1818 கடிதத்தை மேற்கோள் காட்டும்போது, புரட்சி போருக்கு முன்பே மக்கள் மனத்தில் நடந்துவிட்டது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது மூன்றாவது. அதே கடிதத்தில், 13 கடிகாரங்களை ஒரே நேரத்தில் அடிக்கவைத்தோம், எந்தக் கைவினைஞனும் அதற்குமுன் செய்யாத வேலை என்றும் அவர் எழுதுகிறார். கடிகாரங்கள் 13 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

1776-க்குப் பிறகு ஒரே மக்களாக இருந்தார்களா?

பிரகடனத்தின் முதல் வரி "ஒரு மக்கள்" என்று பேசுகிறது. ஆனால் பேரவை "ஐக்கிய காலனிகள்" என்பதை "ஐக்கிய மாநிலங்கள்" என்று மாற்ற செப்டம்பர் 9 வரை ஆயிற்று. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வெகுகாலம் பன்மையாகவே எழுதினார்கள். படைக்குப் பெயர்கூட "கண்டப் படை"தான். 1783-இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர், எல்லா மாநிலப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதவும் உச்சரிக்கவும் வேண்டும் என்று ஓர் எழுத்துக்கூட்டு நூல் போட்டார். அவருடைய பெரிய அகராதி வெளிவரும்போது ஆண்டு 1828.